ஒட்டாத ரத்தம்

பிள்ளையார்பாளையத்து நெசவுத் தெருவில் கண்ணாயிரம் டீத்தூக்கோடு நுழைந்தால் பொழுது விடிந்தது என்று அர்த்தம். ஒரு கையில் தூக்கு, மறு கையில் தம்ளர்கள் சொருகிய கம்பித் தட்டு, சட்டைப் பையில் பீடிக்கட்டு. பீடிக்கட்டுக்குப் பின்னால் ஒரு தகர டப்பா. அதற்குள் வெள்ளை வில்லைகள். தலைவலி வில்லை என்று கம்பெனிக்காரன் பேர் வைத்து விற்றான். தெருக்காரர்கள் அதற்குப் பேர் வைக்கிற சிரமமே எடுத்துக்கொள்ளவில்லை. "ஒண்ணு குடுப்பா" என்றால் கண்ணாயிரத்துக்குப் புரியும்.

தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு இருட்டும் மட்டும் மிதிக்கிறவனுக்கு இடுப்பில் பாதியும் முழங்காலில் பாதியுமாக வலி குடியிருக்கும். டீயோடு ஒரு வில்லையைப் போட்டுக்கொண்டால் அது உச்சிவேளை வரைக்கும் வாயை மூடிக்கொண்டு கிடக்கும். அதை மருந்து என்று யாரும் நினைத்ததில்லை. மருந்து என்றால் டாக்டர் எழுதித் தரவேண்டும், கசக்கவேண்டும், கத்தரிக்காய் தின்னாதே என்று பத்தியம் சொல்லவேண்டும். வில்லை டீயோடு சேர்ந்த சமாச்சாரம். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எப்படியோ அப்படி.

மயில்வாகனம் அந்தத் தெருவில் பேர்போன தறிக்காரன். நாற்பதைத் தாண்டியவன். ஒரே மகளை ஆரணியில் கட்டிக் கொடுத்துவிட்டு, பெண்டாட்டி தில்லையம்மாளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நெய்தான். சேலையின் உடலுக்கு அவன் நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவான். கரைக்கு அவள் தள்ளுவாள். இருபது வருஷமாக இப்படி நெய்ததில், அவன் எந்த மிதியை மிதிக்கப் போகிறான் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரியும். பீடி விஷயத்தில் அவன் சூரன். ஒன்றை அணைக்கும் நெருப்பில் அடுத்ததைப் பற்றவைத்துக் குடும்பம் நடத்தினான் என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

ரயில்வே வேலைநிறுத்தம் நடந்த வருஷம், அந்தக் கோடையில்தான் அவன் நடையில் ஒரு மாற்றம் வந்தது. கச்சபேசுவரர் கோயில் வரைக்கும் போவதற்குள் நாலு இடத்தில் நின்றான். வெற்றிலைக்கடையில் நின்று மழையைப் பற்றிக் கேட்டான், சைக்கிள் கடையில் நின்று பஞ்சரைப் பற்றிக் கேட்டான். 'அடேயப்பா, மயில்வாகனம் எவ்வளவு பழகற மனுஷன் ஆயிட்டான்' என்று ஊரார் சந்தோஷப்பட்டார்கள். வலது கெண்டைக்காலை யாரோ துணி பிழிவதுபோல் பிழிகிறார்கள், நின்றால்தான் விடுகிறார்கள் என்பது அவனுக்கு மட்டும் தெரிந்த கதை. தில்லையம்மாளுக்குக்கூட ஆடி மாதம்தான் தெரிந்தது. அதுவும் அவன் மிதியைத் தப்பாக மிதித்துக் கரை கோணிப்போன பிறகு.

"இன்னாங்க இது? கரை இப்பிடி இஸ்துக்கினு போவுது?"

"காலு மரத்துப் போச்சுமே. சொரணையே இல்ல."

குனிந்து பார்த்தாள். கட்டை விரல் கறுத்திருந்தது. தொட்டாள். ஆடி வெயிலில் அந்தப் பாதம் மட்டும் பானைத் தண்ணீர்போல் ஜில்லென்று இருந்தது.

அதற்குப் பிறகு ஓரிக்கை வைத்தியரின் எண்ணெய், கூரத்துக்காரர் ஓதிக் கொடுத்த விபூதி என்று எல்லாம் ஆயிற்று. படுத்தால் வலி ஏறியது. காலைத் தொங்கவிட்டால் கொஞ்சம் தணிந்தது. தறிப்பலகையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டபடி, தறியில் நீட்டிக் கட்டிய பாவு நூலின்மேல் தலை சாயாமல் சுவரில் சாய்ந்து தூங்கப் பழகிக்கொண்டான். காலை டீயோடு ஒன்று என்றிருந்த வில்லை மூன்றானது, நாலானது. தில்லையம்மாள் கண்ணாயிரத்திடம் மொத்தமாக வாங்கி ஒரு துணியில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. மழையில் பாவு விறைப்பு இழந்துவிடும், தெருவில் நீட்டவும் முடியாது. ஊரே தறியை விட்டு இறங்கி உட்கார்ந்திருந்தது. 'எப்படியும் சும்மாதானே இருக்கிறோம்' என்று சொல்லித்தான் தில்லையம்மாளின் தம்பி கைலாசம் மாமனைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினான். உள்ளூர் டாக்டர் அதற்கு முன்பே சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். இன்னும் தாமதித்தால் கால் போய்விடும் என்று அவர் சொன்னதைக் கைலாசம் அக்காளிடம் மட்டும் சொன்னான்.

"காலு போய்ட்டா அப்பால இன்னாடா இருக்குது?" என்றாள் தில்லையம்மாள். "கையி ரெண்டும் இருந்து இன்னா பண்றது? மிதிக்கறது யாரு?"

ஆஸ்பத்திரியில் காலில் அறுவை செய்யப் போகிறவர் ஒரு பெரிய டாக்டர். அவர் நாலு பேர் சூழ வருவார், காலைத் தட்டிப் பார்ப்பார், இங்கிலீஷில் பேசுவார், போவார். ஆனால் தினமும் வந்து கட்டிலருகில் உட்கார்ந்தவர் சின்ன டாக்டர் குமாரசாமி. கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். ரத்தத்தைப் பற்றி ஏதோ ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். முதல் நாளே முழ நீளத்துக்குக் கேள்வி கேட்டார்.

"பீடி குடிப்பீங்களா?"

"அது உண்டுங்க."

"இன்னியோட விட்டுடணும். காலை அடைச்சதே அதுதான். சாராயம்?"

"கெடயாதுங்க. நாங்க சைவம்."

"காபி, டீ?"

"டீதாங்க. டீ இல்லாட்டி தறி ஓடாது."

"மாத்திரை மருந்து எதாவது சாப்பிடறது உண்டா?"

"ஒண்ணுமே கெடயாதுங்க. நம்ப ஒடம்புக்கு மருந்து மாயம் இன்னாலே ஆவாது," என்றான் மயில்வாகனம், மார்தட்டாத குறையாக.

தில்லையம்மாள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவள் மடியில் அந்தத் துணி முடிச்சு இருந்தது. அவளுக்கும் அது ஞாபகத்துக்கு வரவில்லை. சத்தியமாக வரவில்லை. டீயோடு என்ன போகிறது என்று டாக்டர் கேட்டிருந்தால் ரெண்டு பேருமே சொல்லியிருப்பார்கள்.

குமாரசாமி கை நரம்பில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார். ஒரு குழாய் இல்லை, மூன்று. அறுப்பதற்கு முன்னால் இப்படி, அறுக்கும்போது கொஞ்சம், அறுத்த பிறகு தினமும் என்றார். பக்கத்துக் கட்டிலில் ஏனாத்தூர்ப் பக்கத்து விவசாயி முனிசாமி, மாடு மிதித்த காலோடு கிடந்தார். டாக்டர் நகர்ந்ததும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ரத்தத்த வித்துடுவானுங்க, யம்மா. எனுக்கு ரெண்டு தபா எடுத்தான். கேட்டா பரிட்ச பண்றேன்றான். ரத்தத்துக்கு இன்னா பரிட்ச? பாஸ் பண்ணி உத்தியோகத்துக்கா போவப்போவுது?"

தில்லையம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் மறுநாள் டாக்டர் ஊசியோடு வந்தபோது கேட்டுவிட்டாள்.

"சொன்னா தப்பா நெனச்சிக்காதீங்க. இத்தினி ரத்தம் எதுக்குங்க?"

அவருக்குக் கோபம் வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். "உங்க ரத்தத்துல பொடிப்பொடியா, தட்டு மாதிரி அணு இருக்கும்மா. பிளேட்லெட்னு பேரு. கையில கத்தி பட்டா ரத்தம் கொஞ்ச நேரத்துல நிக்குதில்ல? இதுங்கதான் ஓடிவந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ஓட்டையை அடைக்குது."

"நல்லதுதானுங்களே."

"நல்லதுதான். ஆனா நாளைக்கு நாங்களும் கத்தியாலதான் ரத்தக் குழாயைத் தொறக்கப் போறோம். இவர் தொடையிலேருந்தே ஒரு நரம்பை எடுத்து, அடைப்புக்கு மேலயும் கீழயும் தைச்சு, ரத்தத்துக்குப் புது வழி போடுவோம். நாங்க போடறது வழின்னு இதுங்களுக்குத் தெரியாது. காயம்னு நினைச்சு ஓடிவந்து ஒட்டும். அறுக்கற நேரத்துல இதுங்க ஒட்டற வேகமே ஜாஸ்தியாயிடுது. நாங்க தொறந்ததை அதுங்க மூடிடும். பாதிப் பேருக்குக் கால் அப்படித்தான் போகுது. எப்போ ஒட்டுது, எவ்வளவு ஒட்டுது, எதைக் குடுத்தா ஒட்டாம இருக்கும், இதைத்தான் பார்க்கிறேன்."

வீட்டுக்குத் திருடன் வந்துவிட்டான் என்று வீட்டுக்காரனையே அடிக்கிற காவல்காரன் கதைதான் என்று தில்லையம்மாளுக்குத் தோன்றியது. அன்றைக்கு அவள் டாக்டரை நம்பினாள்.

அறுவை அன்று காலையில் ஒரு பருக்கைகூட வாயில் படக்கூடாது என்று நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போனாள். மயில்வாகனம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முறுக்கினான். பீடி விட்ட எரிச்சல் வேறு. "ஒண்ணு குடுமே. ஒண்ணே ஒண்ணு. தாங்கல" என்றான். சோறு வேண்டாம் என்றுதானே சொன்னாள், இது என்ன சோறா என்று நினைத்து, தில்லையம்மாள் மடி முடிச்சை அவிழ்த்து ரெண்டு வில்லையை எடுத்து ஒரு வாய்த் தண்ணீரில் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தான். அவன் தெளிந்த முகத்தோடு உள்ளே போனது அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

மத்தியானம் வரைக்கும் ஒரு சேதியும் இல்லை. வெளியே மழை அடித்தது. கைலாசம் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். பிறகு கதவு திறந்தது. குமாரசாமி பச்சை அங்கியோடு வெளியே வந்தார். அங்கியின் முன்பக்கம் நனைந்திருந்தது.

"ரத்தம் நிக்கலம்மா. தையல் போட்ட இடமெல்லாம் கசியுது, சதையெல்லாம் கசியுது. இன்னும் ரத்தம் வேணும். யார் குடுக்கறீங்க?"

கைலாசம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நர்ஸ் பின்னால் போனான். ஊசியைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்கிற பையன் அவன். டாக்டர் தில்லையம்மாளின் பக்கம் திரும்பினார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. இவருக்கு எதாவது மாத்திரை குடுத்தீங்களா? வெளியில வாங்கினது, நாட்டு மருந்து, எதாவது?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மாத்திரை என்ற சொல்லும் மடியிலிருந்த முடிச்சும் அந்த நிமிஷத்தில்தான் சேர்ந்தன. சொல்லிவிடலாமா? சொன்னால் என்ன செய்வார்கள்? பாதியில் தைத்து வெளியே அனுப்பிவிடுவார்களா? 'நீதாண்டி கொன்னே' என்று எல்லாரும் சொல்வார்களே.

"இல்லீங்க," என்றாள். "ஒண்ணும் குடுக்கல."

அவர் நம்பினார். ஓடினார்.

அவள் சுவரோடு சுவராக உட்கார்ந்து தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு குமரகோட்டத்து முருகனைக் கூப்பிட்டாள். 'முருகா, பண்ணது நானு. அவரு மேல கை வெக்காத. இந்த உசுர எனுக்குத் திருப்பிக் குடு. இனிமே அந்த வில்ல அவரு வாயில படாது. நான் குடுக்க மாட்டேன், குடுக்க விடவும் மாட்டேன். தவறினா இந்தத் தாலிய நீயே எடுத்துக்கோ.' மடியை அவிழ்த்து, மிச்சமிருந்த வில்லைகளை வராந்தா ஓரத்துச் சாக்கடையில் கொட்டினாள். மழைத் தண்ணீரில் அவை கரைந்து போயின.

பொழுது சாய்கிற நேரத்தில் ரத்தம் நின்றது. அவனை வெளியே கொண்டுவந்தபோது முகம் வெளுத்துக் கிடந்தது. தில்லையம்மாள் போர்வைக்குள் கையை விட்டுப் பாதத்தைத் தொட்டாள். சுட்டது. மாதக்கணக்காக ஜில்லிட்டுக் கிடந்த பாதம் இட்லிச் சட்டியின் மூடிபோலச் சுட்டது. அவள் வாயில் புடவையைத் திணித்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த நாட்களில் குமாரசாமி சிரித்த முகமாக வந்தார். எடுத்த ரத்தத்தை ஒரு பெட்டிக்குள் வைத்து வெளிச்சம் விட்டுப் பார்ப்பாராம். அணுக்கள் ஒட்டினால் பெட்டி கோடு கிழித்துக் காட்டுமாம். மயில்வாகனத்தின் ரத்தம் ஒட்டவே இல்லையாம். அறுக்கும்போதுகூட ஒட்டவில்லை. இதுவரைக்கும் பார்த்த யாருடைய ரத்தமும் இப்படி இல்லை என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார். அறுத்த அன்றிலிருந்து தலைமாட்டில் தொங்கிச் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்த மருந்து பாட்டிலைத் தட்டிக் காட்டினார். "எல்லாம் இது பண்ற வேலை. ரத்தம் கசிஞ்சதும் இதாலதான். இதைத்தான் இனிமே எல்லாருக்கும் குடுக்கணும்னு எழுதப் போறேன்."

"நம்ப ரத்தம் நல்ல ரத்தம் இன்றாருமே," என்றான் மயில்வாகனம்.

"மனுசன் நல்லவனா இருந்தா ரத்தமும் நல்லாத்தான் இருக்கும்," என்றார் முனிசாமி. "என் ரத்தத்தப் பத்தி வாயே தொறக்கல பாரு அந்தாளு."

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் எடுத்த ரத்தம் கொஞ்சம் ஒட்டியதாம். பாட்டிலை நிறுத்தியாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்றார் குமாரசாமி. பீடி கூடாது, காலை மடக்கக் கூடாது, பாதம் ஜில்லிட்டால் அந்த நிமிஷமே கிளம்பி வரவேண்டும். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் மழை ஒழுகிக்கொண்டிருந்தது. தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறி நின்றது. தில்லையம்மாள் கயிற்றுக் கட்டிலைத் தறியின் பக்கத்தில் போட்டுப் புருஷனைப் படுக்கவைத்தாள். புழுங்கலரிசிக் கஞ்சி, பூண்டு ரசம், சுட்ட அப்பளம். காலையிலும் மாலையிலும் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பாள். சுடும். அந்தச் சூட்டை வைத்துத்தான் அவள் நாளை ஓட்டினாள். தை பிறந்தால் வெயில் வரும், பாவு நீட்டலாம், இவர் மெதுவாகக் குழியில் இறங்கலாம் என்று கணக்குப் போட்டாள்.

ஆனால் தையல் போட்ட இடம் வலியில் தெறித்தது. தொடையிலிருந்து கணுக்கால் வரைக்கும் அறுத்திருந்தார்களே, வலிக்காமல் என்ன செய்யும்? கண்ணாயிரத்தின் டீத்தூக்குச் சத்தம் தெருவில் கேட்டதும் மயில்வாகனத்தின் முகம் வாசலைப் பார்க்கும்.

"மே. ஒரு வில்ல வாங்கு."

"வாணாங்க. டாக்டரு குடுத்தத மட்டும் சாப்டணும்."

"அது சத்து மாத்திர, மே. நோவுக்கு அது இன்னா பண்ணும்? பத்து வருசமா சாப்டதுதானே, இன்னிக்கு இன்னா புதுசா?"

"வாணாம்னா வாணாம்."

கண்ணாயிரம் வாசலில் நின்று தயங்கினான். "ஒண்ணு குடுத்துட்டுப் போறேன், தங்கச்சி. மனுசன் துடிக்கறாரே."

"இந்த வூட்டு வாசல்ல டப்பாவத் தொறந்தீன்னா டீத்தூக்க ஒடச்சிடுவேன், அண்ணா. டீ குடு, போ. இல்ல டீயும் வாணாம்."

தெருவே அவளை விசித்திரமாகப் பார்த்தது. மழைக்கு இதமாக நல்ல சண்டை கிடைத்ததில் சிலருக்குச் சந்தோஷம்தான். கைலாசம் வந்து பார்த்துவிட்டு அவளைச் சமையல்கட்டுக்கு அழைத்தான்.

"இன்னா அக்கா, கல்லா நீ? மாமா அழுதுக்கினு கெடக்கறாரு. ஒண்ணு குடேன். அதுல இன்னா இருக்குது?"

"ஒனக்குத் தெரியாது. நீ சொம்மா இரு."

"தெரியலன்னா சொல்லு."

சொல்ல முடியாது. சொன்னால் அன்றைக்கு அவன் உயிர் போக இருந்தது யாரால் என்பதையும் சொல்லவேண்டும். அடுப்பை ஊதுவதுபோல் குனிந்துகொண்டாள்.

ஒருநாள் அவள் கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தபோது மயில்வாகனம் எட்டி அவள் காலைப் பிடித்துக்கொண்டான். கட்டின புருஷன், தெருவில் நாலு பேர் மரியாதையாகப் பேசுகிற மனிதன், பெண்டாட்டியின் காலைப் பிடித்தான்.

"உன் கால்ல வுழறேன், தில்ல. ஒண்ணே ஒண்ணு குடு. அப்பால கேக்கவே மாட்டேன்."

அவள் காலை உருவிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். கொட்டுகிற மழையில் கிணற்றடியில் நின்று தாலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கும் அவள் கொடுக்கவில்லை. தன்னைப் போல் மன உறுதி யாருக்கு வரும் என்று அந்த அழுகையிலும் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள் காலையில், வழக்கம்போல் போர்வைக்குள் கையை விட்டாள். ஜில்லென்று இருந்தது. ராத்திரி மழைக்குளிராக இருக்கும் என்று இரண்டு உள்ளங்கையாலும் தேய்த்தாள். இடது பாதத்தைத் தொட்டாள், சூடாக இருந்தது. மறுபடியும் வலது பாதத்தைத் தேய்த்தாள். விரல்கள் மெழுகு நிறத்தில் இருந்தன.

"இன்னாமே?" என்றான் அவன், தூக்கக் கலக்கத்தில்.

"ஒண்ணுமில்லீங்க," என்று சொல்லிவிட்டுத் தம்பி வீட்டுக்கு ஓடினாள்.

கைலாசம் வாடகைக் காருக்கு அலைந்தான், கிடைக்கவில்லை. கடைசியில் பஸ்ஸிலேயே மாமனைப் படுக்கவைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் ஏரி உடைப்பு, தண்ணீர், நின்று நின்று போயிற்று. தில்லையம்மாள் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு பட்டணம் வரைக்கும் தேய்த்துக்கொண்டே போனாள்.

பெரிய டாக்டர் உடனே உள்ளே எடுத்துக்கொண்டு போனார். புதிதாகப் போட்ட வழி முழுக்க அடைத்திருந்தது. தோண்டி எடுத்தார்கள், அங்கேயே, அவர்கள் கண்ணெதிரேயே, மறுபடி அடைத்தது. மூன்றாம் நாள் முழங்காலுக்கு மேலே வரைக்கும் காலையே எடுத்துவிட்டார்கள்.

அதற்கு மறுநாள் குமாரசாமி தில்லையம்மாளை வராந்தா பெஞ்சுக்குக் கூப்பிட்டார். அவர் முகம் செத்துப்போயிருந்தது. தூங்கின மாதிரி தெரியவில்லை.

"எனக்குப் புரியலம்மா. இந்தத் தடவையும் அதே பாட்டில்தான் போட்டோம். ஆனா ரத்தம் அப்படி ஒட்டுது. முதல் தடவை ஒட்டவே இல்ல. அதே ஆளு, அதே ரத்தம். நடுவுல என்ன மாறிச்சு? என்ன சாப்பிட்டாரு, என்ன விட்டாரு? எதுவா இருந்தாலும் சொல்லுங்க. யாரும் உங்களைக் குத்தம் சொல்ல மாட்டாங்க."

கால் போய்விட்டது. இனி மறைத்து எதைக் காப்பாற்றுவது? தில்லையம்மாள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"நான் ஒரு பாவம் பண்ணேங்க. அன்னிக்கு ரத்தம் நிக்கலன்னு நீங்க வந்து கேட்டப்ப பொய் சொல்லிட்டேன். டீயோட ஒரு வில்ல போட்டுக்குவாருங்க. தலவலி வில்ல. எங்க தெருவுல எல்லாரும் போட்டுக்குவாங்க. ஆஸ்பத்திரியிலயும் நான்தான் குடுத்துக்கினு இருந்தேன். அறுக்கற அன்னிக்குக் காலையிலகூடக் குடுத்தேன். அத்தாலதான் ரத்தம் நிக்கலைன்னு அப்பால புரிஞ்சிக்கினேன். அன்னிக்கே சத்தியம் பண்ணி நிறுத்திட்டேங்க. அதுக்கப்பறம் ஒண்ணுகூடக் குடுக்கல. அவுரு கெஞ்சினாரு. நான் குடுக்கல."

இதைச் சொல்லும்போது, தப்புக்குப் பிராயச்சித்தம் செய்துவிட்டோம் என்கிற ஒரு சின்ன ஆறுதல் அவள் குரலில் இருந்தது.

குமாரசாமி பெஞ்சிலிருந்து பாதி எழுந்தார்.

"அதை ஏம்மா நிறுத்தினே?" என்றார்.

வாய் தவறி வந்துவிட்டது. சொன்ன மறு நிமிஷமே கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். தில்லையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாங்க சொல்றீங்க?"

"ஒண்ணுமில்லம்மா."

"சொல்லுங்க சாமி. நான் தாங்கிக்குவேன்."

அவர் மெல்லச் சொன்னார். அந்த வில்லைக்கு ரத்த அணுக்களை ஒட்டவிடாமல் செய்கிற குணம் இருக்கிறது என்று வெளிநாட்டில் இப்போதுதான் எழுதுகிறார்கள். ஒரு தடவை சாப்பிட்டால் வாரத்துக்கு மேல் அந்தக் குணம் ரத்தத்தில் நிற்கும். அன்றைக்கு ரத்தம் நிற்காததும் அதனால் இருக்கலாம். கால் பிழைத்ததும் அதனால் இருக்கலாம். "நிச்சயமா சொல்ல முடியாதும்மா. சாப்பிட்டிருந்தாலும் அடைச்சிருக்கலாம். நானும் என் பாட்டில்தான் காரணம்னு நினைச்சு எழுதிட்டேன். உங்க தப்பு இல்ல. கேக்கத் தெரியாம கேட்டது என் தப்பு."

அவர் பேசிய மற்றதெல்லாம் அவள் காதில் விழுந்து வெளியே போயிற்று. ஏம்மா நிறுத்தினே என்றது மட்டும் உள்ளே நின்றது. எழுந்து வார்டுக்குள் போனாள்.

மயில்வாகனம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் இருந்தது.

"இன்னா சொன்னாரு டாக்டரு?"

இந்தத் தடவை பொய் சொல்லக்கூடாது என்று வராந்தாவிலிருந்து வருவதற்குள்ளேயே முடிவு செய்திருந்தாள். ஒரு பொய்க்கே இவ்வளவு ஆகிவிட்டது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, வில்லையிலிருந்து சத்தியம் வரைக்கும், சத்தியத்திலிருந்து டாக்டர் வாய் தவறிச் சொன்னது வரைக்கும், ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, அடிப்பானா, கத்துவானா என்று அவள் காத்திருந்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

"நான் கேட்டனே, தில்ல," என்றான் அவன் கடைசியில். குரல் குழந்தைக் குரல்போல் வந்தது. "உன் காலப் புடிச்சிக் கேட்டனே."

"கேட்டீங்க."

"ஒண்ணே ஒண்ணுன்னு கேட்டேன்."

"கேட்டீங்க. நான்தான் குடுக்கல."

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஆஸ்பத்திரி ஆள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து ரொட்டியும் பாலும் வைத்துவிட்டுப் போனான். தில்லையம்மாள் ரொட்டியைப் பிய்த்துப் பாலில் நனைத்து அவன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அவன் வாயைத் திறக்கவில்லை. பால் அவள் விரலிடுக்கில் ஒழுகி முழங்கை வரைக்கும் வந்து தரையில் சொட்டியது. அவள் கையை இறக்கவில்லை.